ரிக்கி லாம்பர்ட் ஏன் 30 வயதில்தான் பிரீமியர் லீக்குக்கு வந்தார்?

கேள்வி: 31 வயதில் முதல்முறையாக இங்கிலாந்து அணிக்கு ஆடி, பந்தை முதல்முறை தொட்டதுமே கோல் அடித்தவர் ரிக்கி லாம்பர்ட் என்று படித்தேன். அதற்கு முன் பத்து வருடத்துக்கும் மேலாகக் கீழ் டிவிஷன்களிலேயே ஆடியிருக்கிறார். இவ்வளவு கோல் அடிக்கிற ஒருவர் பெரிய கிளப்புகளின் கண்ணில் படவே இல்லையா?

கண்ணில் படாமல் இல்லை. காசு கொடுத்தே வாங்கியிருக்கிறார்கள். 2002-ல் 3 லட்சம் பவுண்டு, 2006-ல் 2 லட்சம், 2009-ல் 10 லட்சத்துக்கும் மேல். கீழ் டிவிஷன் ஆட்டக்காரருக்கு இதெல்லாம் சின்னத் தொகை இல்லை. ஆனால் வாங்கிய கிளப்புகள் எல்லாமே மூன்றாம், நான்காம் படியில் இருந்தவை. மேல் படியில் இருந்த ஒரு கிளப்பாவது அவரைக் கைதூக்கி விட்டதா என்று பார்த்தால், 2002-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அவர் எப்படி மேலே வந்தார்? தான் இருந்த கிளப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தார். உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்து லீக் அமைப்பு தெரியாதவர்களுக்காக நாலு வரி. உச்சியில் 20 அணிகளின் பிரீமியர் லீக். அதற்குக் கீழே 24 அணிகள் வீதம் மூன்று டிவிஷன்: சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. பெயரில் ஏமாற வேண்டாம், லீக் ஒன் என்பது மூன்றாவது படி, லீக் டூ நான்காவது. 2004 வரை இவற்றுக்கு வேறு பெயர்கள் இருந்தன. நான் குழப்பாமல் படிக்கணக்கிலேயே சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் மேல் இடங்களில் முடிக்கும் அணிகள் ஒரு படி ஏறும், கடைசி இடங்களில் முடிப்பவை இறங்கும். ஏறுவதில் ஓர் இடம் மட்டும் பிளே-ஆஃப் ஆட்டங்களில் தீர்மானமாகும்.

லாம்பர்ட் பிறந்தது 1982 பிப்ரவரியில், லிவர்பூலை ஒட்டிய கெர்க்பியில். சிறுவயதிலிருந்தே லிவர்பூல் ரசிகர். பத்து வயதில் அந்த கிளப்பின் அகாடமியிலேயே இடம் கிடைத்தது, பதினைந்து வயதில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து பிளாக்பூல். அங்கே அவர் முன்கள வீரர்கூட இல்லை, நடுக்களத்தில் ஆடினார். மூன்றே மூன்று லீக் ஆட்டங்கள், அப்புறம் அங்கிருந்தும் வெளியே.

இதற்கடுத்த சில மாதங்கள்தான் அவரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சொல்லும் கதை. மேக்கிள்ஸ்பீல்ட் டவுன் என்ற சிறிய கிளப்பில் சம்பளம் இல்லாமல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். கைச்செலவுக்கு ஒரு பீட்ரூட் தொழிற்சாலையில் வேலை. பீட்ரூட் அடைத்த ஜாடிகளுக்கு மூடி திருகுவது, நாளுக்கு 20 பவுண்டு கூலி. இதைப் பலர் சினிமாக் காட்சி மாதிரி சொல்கிறார்கள். எனக்கு இதில் அதிசயமாக ஒன்றும் தெரியவில்லை. 18 வயதில் கிளப் கைவிட்ட பையன்கள் இங்கிலாந்தில் வருடந்தோறும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் இப்படி ஏதாவது ஒரு வேலைக்குப் போய் அதோடு நின்றுவிடுவார்கள். அடுத்த வாசலில் போய் சம்பளமில்லாமல் நின்ற அந்தப் பிடிவாதம்தான் இதில் கவனிக்க வேண்டியது.

2001-ல் மேக்கிள்ஸ்பீல்ட் ஒப்பந்தம் கொடுத்தது. நான்காம் படி. 44 லீக் ஆட்டங்களில் 8 கோல். கோல் அடிப்பதே வேலையான ஸ்ட்ரைக்கருக்கு இது சாதாரணக் கணக்கு, ஆனால் அவர் இன்னும் பாதி நடுக்கள ஆட்டக்காரர்தான். 2002-ல் ஸ்டாக்போர்ட் கவுண்டி 3 லட்சம் பவுண்டு கொடுத்து மூன்றாம் படிக்கு எடுத்துக்கொண்டது. ஒரு கிளப் பணம் கொடுத்து அவரை ஒரு படி மேலே ஏற்றியது இந்த ஒரு முறைதான்.

ஸ்டாக்போர்ட்டில் 98 ஆட்டம், 18 கோல். அணியும் சரிந்துகொண்டிருந்தது. 2005 பிப்ரவரியில் மறுபடி நான்காம் படிக்கு, ராச்டேலுக்கு இறங்கினார். வயது 23. வாங்கி மூன்றே வருடத்தில் கீழே இறக்கிவிடப்பட்ட ஓர் ஆட்டக்காரரைப் பற்றி மேலே இருப்பவர்கள் என்ன எழுதி வைப்பார்கள்? 'உயரம் இருக்கிறது, காலில் நல்ல பாஸ் இருக்கிறது, வேகம் இல்லை, உடம்பு கனம்.' உங்கள் கேள்விக்கு ஒரு பாதி விடை இங்கே இருக்கிறது. 20 முதல் 23 வயதுக்குள் ஒரு முன்கள வீரர் மீது ஒட்டப்படும் சீட்டு, பிறகு எத்தனை கோல் அடித்தாலும் சீக்கிரம் உரியாது.

ஆனால் ராச்டேல்தான் அவரை ஸ்ட்ரைக்கர் ஆக்கியது. அங்கே கிராண்ட் ஹோல்ட் என்று இன்னொரு முரட்டு முன்கள வீரர் இருந்தார். அவர் கதை இன்னும் சுவாரஸ்யம். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பிழைப்புக்காக சிங்கப்பூர் போய் செங்காங் மரீன் அணிக்கு ஆடிவிட்டுத் திரும்பியவர். இருவரும் சேர்ந்து நான்காம் படித் தடுப்பாட்டக்காரர்களைத் திணறடித்தார்கள். 2005-06 சீசனில் லாம்பர்ட் 22 லீக் கோல் அடித்தார். நடுவில், 2006 ஜனவரியில், ஹோல்ட்டை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இந்த ஹோல்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

கீழ் டிவிஷனில் ஒரு முன்கள வீரரின் பிழைப்பு எப்படி இருக்கும் என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த எண்களுக்கு எடை புரியாது. லீக்கில் மட்டும் 46 ஆட்டம், கோப்பை ஆட்டங்கள் தனி. சனிக்கிழமை ஆடிவிட்டு செவ்வாய்க்கிழமை மறுபடி ஆட வேண்டும். டிசம்பர் ஜனவரியில் பல மைதானங்களில் புல்லைவிடச் சேறு அதிகம் இருக்கும். பந்து தலைக்கு மேலேயே வந்துகொண்டிருக்கும், பின்னால் ஆறடி ஆள் ஒருவன் முழங்கையோடு நிற்பான். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. மே மாதம் வந்தால் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை அனுப்புகிறோம் என்று ஒவ்வொரு கிளப்பும் பட்டியல் வெளியிடும். ஆட்டக்காரர்களின் வீட்டில் அந்தப் பட்டியலுக்குத்தான் பயம்.

2006 ஆகஸ்ட் கடைசி நாளில், 2 லட்சம் பவுண்டுக்கு பிரிஸ்டல் ரோவர்ஸ். அதுவும் அப்போது நான்காம் படிதான், ஆக இது பக்கவாட்டு நகர்வு. முதல் சீசனில் லீக்கில் 8 கோல்தான். ஆனால் பிரிஸ்டல்காரர்கள் அந்த வருடத்தை மறக்க மாட்டார்கள். கீழ் டிவிஷன் அணிகளுக்கு மட்டுமான ஜான்ஸ்டன்ஸ் பெயின்ட் டிராபியில், ஊர்ப் பகையான பிரிஸ்டல் சிட்டியை இரண்டு ஆட்டங்களாக எதிர்கொண்டபோது, மொத்தமாக விழுந்த ஒரே கோல் லாம்பர்ட்டுடையது. இறுதியில் டான்காஸ்டரிடம் 3-2 என்று தோற்றார்கள். அது போனாலும், அதே வருடம் மே மாதம் புதிய வெம்பிளி மைதானத்தில் பிளே-ஆஃப் இறுதியில் ஷ்ரூஸ்பரியை 3-1 என்று வென்று மூன்றாம் படிக்கு ஏறினார்கள். கிளப்போடு சேர்ந்து லாம்பர்ட் ஏறிய முதல் படி இது.

2008 பிப்ரவரியில், எல்லாப் படி அணிகளும் ஆடும் எஃப்.ஏ. கோப்பையின் ஐந்தாவது சுற்று. எதிரே ஒரு படி மேலே இருந்த சவுத்தாம்ப்டன். லாம்பர்ட் அடித்த ஃப்ரீ கிக் யாரோ மேல் பட்டுத் திசைமாறி உள்ளே போனது, 1-0. ரோவர்ஸ் காலிறுதிக்குப் போய் வெஸ்ட் புரோமிடம் 5-1 என்று உதை வாங்கியது. அடுத்த சீசன் 2008-09, லீக் ஒன்னில் 29 கோல், டிவிஷனிலேயே அதிக கோல் அடித்தவர்கள் இருவரில் ஒருவர். வயது 27.

பிரீமியர் லீக் வேண்டாம், இரண்டாம் படி கிளப்புகளாவது அப்போது அவரை அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? என் கணிப்பு இது. 27 வயது ஸ்ட்ரைக்கரை வாங்கினால் பிறகு விற்று லாபம் பார்க்க முடியாது. அதே பணத்துக்கு வெளிநாட்டிலிருந்து 21 வயது ஆள் கிடைப்பான், அவன் சோபிக்காவிட்டாலும் வாங்கியவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். லீக் ஒன்னிலிருந்து ஒரு குண்டு ஸ்ட்ரைக்கரை வாங்கி அவர் சொதப்பினால், வாங்கிய மேனேஜரின் தலை போகும். ஆட்டக்காரரின் தரத்தைவிட, தேர்வு செய்கிறவரின் பயம்தான் பல நேரம் முடிவு செய்கிறது.

கடைசியில் வாங்கியது, அவர் கோப்பையிலிருந்து வெளியேற்றிய அதே சவுத்தாம்ப்டன். அதற்குள் அவர்கள் நிலைமை தலைகீழ். கடனில் மூழ்கி, 2009-ல் திவால்கால நிர்வாகியின் கைக்குப் போய், மூன்றாம் படிக்கு இறங்கி, புது சீசனை மைனஸ் 10 புள்ளியோடு தொடங்க வேண்டிய தண்டனையும் வாங்கியிருந்தார்கள். மார்க்குஸ் லீப்ஹர் என்ற தொழிலதிபர் கிளப்பை வாங்கிக் காசு போட்டார். ஆலன் பார்டியூ மேனேஜர். ஆகஸ்டில் 10 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்து லாம்பர்ட்டை எடுத்தார்கள். கவனியுங்கள், ரோவர்ஸும் லீக் ஒன், சவுத்தாம்ப்டனும் லீக் ஒன். மறுபடி பக்கவாட்டு நகர்வுதான்.

இங்கே நடந்த ஒரு விஷயம் முக்கியம். பார்டியூ அவருடைய உடற்தகுதி பற்றி முகத்துக்கு நேராகவே பேசினார். எடையைக் குறைத்து ஒழுங்காகத் தயாரானால் பிரீமியர் லீக்கில் ஆடும் திறமை இருக்கிறது என்று சொன்னார். லாம்பர்ட்டே பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார், அதுவரை தன் உடம்பைத் தான் சரியாகக் கவனித்துக்கொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டும் இருக்கிறார். ஆக, மேல் கிளப்புகள் எழுதி வைத்த 'உடம்பு கனம்' என்பது முழுப் பொய்யும் இல்லை. அதைக் குறையாக எழுதி மூடிவைத்தார்கள், சரிசெய்யக்கூடிய ஒன்றாகப் பார்த்தவர் பார்டியூ. அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய அபிமானம் இல்லை, ஆனால் இந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

முதல் சீசனில் 30 லீக் கோல், எல்லாம் சேர்த்து 36. ஜான்ஸ்டன்ஸ் பெயின்ட் டிராபி இறுதியில் கார்லைலை 4-1 என்று வென்றபோது பெனால்டியில் ஒரு கோல். 73 புள்ளியோடு ஏழாவது இடம். அந்த 10 புள்ளி பறிபோகாமல் இருந்திருந்தால் பிளே-ஆஃப் கிடைத்திருக்கும். 2010 ஆகஸ்டில் லீப்ஹர் இறந்தார், மாதக் கடைசியில் பார்டியூவும் நீக்கப்பட்டார். வந்தவர் நைஜல் ஆட்கின்ஸ், முன்பு வேறொரு கிளப்பில் பிசியோதெரபிஸ்டாக இருந்து மேனேஜர் ஆனவர். 2010-11-ல் லாம்பர்ட் 21 கோல், கிளப் இரண்டாம் படிக்கு ஏறியது. 2011-12-ல் 27 கோல், சாம்பியன்ஷிப்பிலேயே அதிகம், அந்த டிவிஷனின் சிறந்த ஆட்டக்காரர் விருது, கிளப் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அடுத்தடுத்து இரண்டு படி.

அவர் கோல்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: நான்காம் படியில் 22, மூன்றாம் படியில் 29, 30, 21, இரண்டாம் படியில் 27. மேலே போகப் போக எதிரணித் தடுப்பு கடினமாகும், ஆகவே கோல் குறைய வேண்டும் என்றுதான் நினைப்போம். இவருக்குப் பெரிதாகக் குறையவில்லை. காரணம், சுற்றி இருந்தவர்களும் மாறினார்கள். ஆடம் லல்லானா, மோர்கன் ஷ்னைடர்லன் போன்றவர்கள் அந்த அணியில்தான் வளர்ந்தார்கள். லாம்பர்ட் ஓடி ஜெயிக்கிற ஸ்ட்ரைக்கர் இல்லை. பின்னால் இறங்கி வந்து, முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு பந்தை நிறுத்தி, ஓடி வருபவனுக்குப் போட்டுவிட்டு, அப்புறம் பெனால்டி பெட்டிக்குள் போவார். இளவயதில் நடுக்களத்தில் ஆடியது அங்கே கை கொடுத்தது. இந்த வகை ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் புத்திசாலிகளாக இருக்க இருக்க மதிப்பு கூடும். கீழ் டிவிஷனில் அவர் போட்ட பாதிப் பாஸ்களுக்கு ஓடி வர ஆள் இருந்திருக்காது.

பெனால்டி பற்றிச் சொல்லாமல் விட்டால் சவுத்தாம்ப்டன் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். அந்த கிளப்புக்காக 34 பெனால்டி எடுத்தார், அத்தனையும் கோல். அங்கே முன்பு ஆடிய மாட் லெ டிசியே 48-ல் 47 போட்டவர், அவரையே கடவுள் என்று கூப்பிடுகிற ஊர் அது. ஒன்றுகூடத் தவறவிடாதவரை என்னவென்று கூப்பிடுவது?

2012 ஆகஸ்ட் 19, நடப்பு சாம்பியன் மான்செஸ்டர் சிட்டியின் மைதானம். லாம்பர்ட் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாதியில் இறங்கினார், சில நிமிடங்களில் கோல். ஆட்டம் 3-2 என்று போய்விட்டது, ஆனால் வந்தது வீண் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த சீசனில் 15 பிரீமியர் லீக் கோல். இங்கிலாந்துக்காரர்களில் அவரோடு சமமாக நின்றவர் ஃபிராங்க் லாம்பார்ட் ஒருவர்தான்.

இப்போது ஹோல்ட்டுக்கு வருவோம். அவரும் மூன்றாம் படியில் இருந்த நார்விச்சில் சேர்ந்து, அந்த கிளப்போடு இரண்டு வருடத்தில் இரண்டு படி ஏறி, 2011-12-ல் தன் முதல் பிரீமியர் லீக் சீசனில் அடித்த கோல் எவ்வளவு தெரியுமா? அதுவும் 15. ராச்டேலில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இருவர், ஒரே பாதையில், ஒரு வருட இடைவெளியில் ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் எந்த மேல் கிளப்பும் தூக்கிவிடவில்லை.

முன்னும் பின்னும் பார்த்தாலும் இதே கதைதான். கெவின் பிலிப்ஸ் 1997-ல் இரண்டாம் படியில் இருந்த சண்டர்லேண்டுக்கு வந்து, 1999-ல் அதனோடு ஏறி, முதல் பிரீமியர் லீக் சீசனிலேயே 30 கோல் அடித்து ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் ஷூ வாங்கினார். ஜேமி வார்டி 2012-ல் ஃப்ளீட்வுட்டிலிருந்து 10 லட்சம் பவுண்டுக்கு லெஸ்டருக்கு வந்தபோது லெஸ்டர் சாம்பியன்ஷிப்பில் இருந்தது. 2014-ல் சேர்ந்து ஏறினார்கள், 2016-ல் கோப்பையே கையில். பிரென்ட்ஃபோர்டின் ஐவன் டோனியும் 2021-ல் அப்படித்தான். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஆலி வாட்கின்ஸை 2020-ல் ஆஸ்டன் வில்லா நேராக சாம்பியன்ஷிப்பிலிருந்து வாங்கியது. ஆனால் அப்போது அவருக்கு வயது 24. நான் முன்னால் சொன்ன அந்த மறுவிற்பனைக் கணக்கு அங்கே பொருந்தும்.

சரி, அந்த இங்கிலாந்து கோல். 2013 ஆகஸ்ட் 14, வெம்பிளி, எதிரே ஸ்காட்லாந்து. அணிக்குத் தேர்வான செய்தி வந்த நாளில்தான் அவருக்கு மூன்றாவது குழந்தையாக ஒரு மகள் பிறந்திருந்தாள். நமக்கு அது சுதந்திர தினம் பிறந்துவிட்ட பின்னிரவு, நான் தூக்கக் கலக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். 2-2 என்று நின்றது ஆட்டம். வெய்ன் ரூனி வெளியே, லாம்பர்ட் உள்ளே. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, லெய்ட்டன் பெய்ன்ஸ் கார்னர் அடித்தார், லாம்பர்ட் தலையால் முட்டினார், வலைக்குள். 3-2. நான் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அடுத்த மாதம் மால்டோவாவுடன் ஒரு கோல், டேனி வெல்பெக்குக்கு இரண்டு கோல்களை அமைத்தும் கொடுத்தார். மொத்தம் 11 ஆட்டம், 3 கோல். 2014 உலகக் கோப்பைக்கும் போனார், உருகுவேயுடன் தோற்ற ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் களத்தில் இருந்தார்.

அதே கோடையில் 40 லட்சம் பவுண்டு கொடுத்து லிவர்பூல் வாங்கியது. பதினைந்து வயதில் வேண்டாம் என்ற அதே லிவர்பூல். வயது 32. இதைத்தான் எல்லாரும் கனவு நனவான கதையாகச் சொல்வார்கள். ஆட்டமாகப் பார்த்தால் அது தோல்விதான், அதை மறைக்க வேண்டியதில்லை. 25 லீக் ஆட்டங்களில் 2 கோல், சாம்பியன்ஸ் லீக்கில் லுடோகோரெட்ஸுக்கு எதிராக ஒன்று. லூயிஸ் சுவாரஸ் போன பிறகு அந்த அணி வேகத்தையே நம்பி ஆடப் பார்த்தது, லாம்பர்ட்டிடம் இல்லாதது அதுதான். அவரைச் சுற்றி ஆட்டத்தைக் கட்டிய சவுத்தாம்ப்டனில் 207 லீக் ஆட்டங்களில் 106 கோல் அடித்தவர், மாற்று ஆளாக வந்துபோகும் இடத்தில் காணாமல் போனார். ஒரு வருடத்தில் வெஸ்ட் புரோம், அங்கே லீக்கில் ஒரே ஒரு கோல். 2016-ல் சாம்பியன்ஷிப்பில் இருந்த கார்டிஃப், நான்கு கோல். 2017 அக்டோபரில் ஓய்வு.

கூட்டிப் பார்த்தால் அவருடைய லீக் கோல்கள் 200-ஐத் தாண்டும். அதில் பிரீமியர் லீக்கில் அடித்தது 31 மட்டுமே. மீதி எல்லாம் செவ்வாய்க்கிழமை இரவுகளிலும் சேற்றிலும் அடித்தவை. அவற்றை அவர் அடித்த முதல் நான்கு கிளப்புகளும் பிற்பாடு ஒவ்வொன்றாக நான்காம் படியிலிருந்தும் கீழே விழுந்தன: ஸ்டாக்போர்ட் 2011-ல், பிரிஸ்டல் ரோவர்ஸ் 2014-ல், ராச்டேல் 2023-ல். ஸ்டாக்போர்ட்டும் ரோவர்ஸும் திரும்ப ஏறிவிட்டன. நான்காவது கிளப்பான, சம்பளமில்லாமல் அவர் பயிற்சிக்குப் போன மேக்கிள்ஸ்பீல்ட் டவுனை 2020 செப்டம்பரில் நீதிமன்றம் கலைத்துவிட்டது, அந்த ஊரில் இப்போது ஆடுவது வேறு பெயரில் தொடங்கிய புது கிளப்.